அது ஊர் இல்லை, மிஸ்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொல்கிற யாரும் கோபம் எதனால் வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "பி.பி. மாத்திரை போட்டீங்களா டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதை எழுதும்போதும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், கோபம் அப்படியேதான் இருக்கிறது.

திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் டவுனிலேயே இருப்பவர்கள். மீதிப் பாதி கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பௌர்ணமி வந்தால் பஸ்ஸை டவுனுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பிள்ளைகள் நடந்து வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும். அதற்கும் லேட் என்று வெளியே நிற்க வைக்கிற ஆட்கள் எங்கள் பள்ளியில் உண்டு. அது வேறு கோபம், இங்கே வேண்டாம்.

போன கல்வியாண்டில் வேங்கிக்கால் பக்கம் ஒரு ஹாலில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மாணவர்களைப் பேச வைப்பது எப்படி என்பது தலைப்பு. வந்த பயிற்சியாளர் காலையில் மைக்கைப் பிடித்தவர் சாயங்காலம்தான் கீழே வைத்தார். மற்றவரைப் பேச விடுவதன் அவசியத்தைப் பற்றி நாள் முழுக்க அவரே பேசினார். கடைசியாகத் திரையில் ஒரு வரி வந்தது. உணர்வுபூர்வமான தலைப்புகளைக் கவனமாகக் கையாளவும். நான் எழுந்து, "கவனமான்னா எப்படி சார்?" என்றேன். "அவாய்ட் பண்றது பெட்டர் மேடம்" என்றார். அதோடு சமோசா வந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் அந்த வாரமே ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பிளஸ் ஒன் வகுப்பு. பெஞ்சுகளை இழுத்து வட்டமாகப் போட்டு, நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கீழ் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் பெஞ்சு இழுக்கிற சத்தம் தாங்காமல் மேலே வந்து பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், பந்தி போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் நாள் எழுந்த பையன், "நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தான். இரண்டாவதாக எழுந்த பெண்ணும் "நடுவர் அவர்களே" என்றாள். சிரித்துவிட்டேன், பிறகு எரிச்சல் வந்தது. பேசுவது என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பட்டிமன்றம் ஒன்றுதான். ரெண்டு அணி, நடுவில் ஒருவர், எதிரணி பேசும்போது எப்படி மடக்கலாம் என்று யோசிப்பது, ஒரு ஜோக், கைதட்டல், கடைசியில் தீர்ப்பு. யாரும் யார் பேசுவதையும் கேட்பதே இல்லை. பொங்கல், தீபாவளி தவறாமல் டிவியில் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை நான் எப்படிக் குறை சொல்வது. ஸ்டாஃப் ரூமில் மட்டும் என்ன வாழ்கிறது.

அதனால் ஒரு விதி போட்டேன். நடுவர் கிடையாது. தீர்ப்பு கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தன் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், முன்னவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முன்னவர் "ஆமா, அதான் சொன்னேன்" என்று சொன்னால்தான் மேலே பேசலாம். "நான் அப்படிச் சொல்லல" என்றால் மறுபடி சொல்ல வேண்டும். பேச விருப்பம் இல்லாதவர்கள் 'பாஸ்' என்று சொல்லிவிடலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு மாதம் கஷ்டப்பட்டார்கள். அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். சொன்னதை விட்டுவிட்டுத் தனக்குக் கேட்டதைச் சொல்வார்கள். போகப் போகப் பிடிபட்டது. அதிலேயே முதலில் கெட்டிக்காரி ஆனவள் ஒரு பெண். கிராமத்துப் பெண், கறுப்பாக, ஒல்லியாக, மூச்சு விடாமல் பேசுகிறவள். யார் பேசினாலும் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். தன் முறை வந்தால் கையை ஆட்டிக்கொண்டு எழுந்து நின்றுதான் பேசுவாள். உட்கார்ந்தே பேசலாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்ட கேள்வியில் எந்த வில்லங்கமும் இல்லை. உள்ளாட்சிப் பாடம் முடித்திருந்தேன். "உங்க ஊர்ல ஒண்ணே ஒண்ண மாத்தலாம்னா எத மாத்துவீங்க?" என்று கேட்டேன். ஒருவன் ஒயின் ஷாப்பைத் தூக்குவேன் என்றான். ஒருத்தி லைப்ரரி வேண்டும் என்றாள். டவுன் பையன் ஒருவன் பௌர்ணமியை மாற்றுவேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். அப்புறம் இவள் எழுந்தாள்.

"எங்க ஊர்ல தெருவுக்கு லைட்டே கிடையாது மிஸ். கம்பம் இருக்கு, பல்பு இல்ல. டியூஷன் முடிஞ்சி பஸ்ஸ விட்டு இறங்குனா செல்போன் டார்ச்சு அடிச்சிகினுதான் போறோம்."

அடுத்த முறை எதிர் பெஞ்சில் இருந்த பையனுக்கு. அவனும் அதே கிராமம்தான். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். இவன் ஒரு ஸ்டாப்பிலும், அவள் அதற்கு அடுத்த ஸ்டாப்பிலும் இறங்குவார்கள். அவன் எழுந்து, பதமாகத்தான் சொன்னான்.

"மிஸ், அது ஊர் இல்ல மிஸ். காலனி."

அவன் கேலி செய்யவில்லை. அதை நான் இப்போதும் சொல்வேன். எழுத்துப்பிழையைத் திருத்துகிற மாதிரி திருத்தினான். வகுப்பும் சிரிக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் சிலர் ஆமாம், அது சரிதானே என்கிற மாதிரி தலையைக்கூட ஆட்டினார்கள். அதுதான் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கெட்ட பையன் ஒருவன் கெட்ட வார்த்தை பேசியிருந்தால் எனக்கு வேலை சுலபம். இவன் நல்ல பையன். நன்றாகப் படிக்கிறவன், கூப்பிட்டால் ஓடி வருகிறவன். ஒரே பேர் உள்ள கிராமத்தில் பாதியை ஊர் என்றும், மிச்சப் பாதியைக் காலனி என்றும் பிரித்து, கோயிலும் ரேஷன் கடையும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற பாதிக்கு மட்டும் ஊர் என்ற வார்த்தையைக் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அது அவனுக்கு யாரும் கற்பித்த பகை இல்லை. கிழக்கு, மேற்கு மாதிரி தெரிந்த விஷயம். தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருக்கிற பக்கத்துக்கு நாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை ஒட்டிவிட்டு, அவர்களுக்கு ஊரே இல்லாமல் செய்துவிட்டோம். ஊருக்குப் போகிறேன் என்று அந்தப் பெண் சொன்னால்கூட அது தப்புத் தமிழ்.

நான் கத்தியிருப்பேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். பிறகு, நான் கத்தினால் அவன் பயந்து உட்காருவான், வெளியே போய் அதையே சொல்வான் என்று தோன்றியது. "சரி. விதி தெரியுமில்ல? முதல்ல அவ சொன்னதத் திருப்பிச் சொல்லு" என்றேன்.

"காலனில லைட்டு எரியலன்னு சொன்னா."

அவள் இன்னும் உட்காரவில்லை. "நான் அப்படிச் சொல்லல" என்றாள்.

"அவங்க ஏரியால லைட்டு இல்ல."

"நான் அப்படிச் சொல்லல."

"அவங்க தெருவுல..."

"அப்படிச் சொல்லல."

"அவங்க பக்கம்."

"இல்ல."

அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த வார்த்தை அவன் நாக்கு நுனியில்தான் இருந்தது, ரெண்டே எழுத்து. ஆனால் அதைச் சொல்லிவிட்டு பஸ்ஸில் எப்படிப் போவான். உடன் வருகிற பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு முறை பார்த்தான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பெல் அடித்துவிட்டது. அவன் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் பிரேயர் முடிவதற்குள் எச்.எம். ரூமிலிருந்து ஆள் வந்தது. போனால் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு செல்போன். மல்லாட்டை என்று இங்கே சொல்கிற வேர்க்கடலை, நெல் என்று பயிர் வைக்க நிலம் வைத்திருக்கிறவர். எச்.எம். எனக்கு நாற்காலியைக் காட்டவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பையன் ரெண்டு நாளா சோறு துண்ணல சார்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "கிளாஸ்ல நிக்க வச்சி, அவங்கள ஊருன்னு சொல்லு, சொல்லுன்னு பேஜாரு பண்ணியிருக்காங்க. எங்க மனசு எவ்ளோ புண்பட்டிருக்கும்?"

"சென்சிடிவ் மேட்டர் டீச்சர்" என்றார் எச்.எம். "சிலபஸ்ல இல்லாதத ஏன் பேசறீங்க?"

சென்சிடிவ். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குத்து வாங்கியது அந்தப் பெண். புண்பட்டுவிட்டது என்று வந்து உட்கார்ந்திருந்தது இவர். எத்தனை வருஷமாக அவளும் அவள் அம்மாவும் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போய் வருகிறார்கள், அதற்கு யாரும் சென்சிடிவ் என்று சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு விஷயம் எப்போது சென்சிடிவ் ஆகிறது என்றால், அடித்தவனுக்குக் கை வலிக்கும்போது.

"சிலபஸ்ல ஊர்ங்கற வார்த்தை இருக்கு சார்" என்றேன். "யாருக்கு அது கிடையாதுன்னு சிலபஸ்ல இல்ல. நானும் அத சொல்லித் தரல."

அப்பா இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலை இறக்கி, சிரித்த முகமாகக் கேட்டார். "மேடத்துக்குச் சொந்த ஊரு எது?"

பேரைச் சொன்னேன்.

"ஓ. அங்க நம்மாளுங்க இருக்காங்க. அதுல எந்தப் பக்கம் நீங்க?"

இந்தக் கேள்வி நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் காதில் விழுகிறது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்டார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீடு என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருவார்கள், சாதி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். "பஸ்ஸு நிக்கிற பக்கம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லவில்லை, படிக்கிற உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. தெரிந்தவுடன் ஓஹோ அதனால்தானா என்று நீங்களும் ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வீர்கள்.

எச்.எம். ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றார்கள். "இத பாருங்க. படிக்கிற வயசு. ஒருத்தருக்கொருத்தர் சாரி சொல்லிட்டு முடிச்சுக்கலாம்" என்றார். "நீ சொல்லும்மா மொதல்ல."

"எதுக்கு சார் அவ சொல்லணும்?" என்றேன். என் குரல் காரிடார் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"டீச்சர், ப்ளீஸ். விட்டுக்குடுத்துப் போறதுதான் நல்லது."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு "சாரி" என்றாள். பையன் வாயைத் திறப்பதற்குள் எச்.எம்.முக்கு போன் வந்தது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, போங்க போங்க என்று கையை ஆட்டினார். பிள்ளைகள் போய்விட்டார்கள். பையன் சொல்லவேண்டிய சாரியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. விட்டுக்கொடுப்பது என்பது நம்மிடம் எப்போதும் ஒரே ஆளின் வேலை.

அன்றிலிருந்து அவள் வகுப்பில் பேசவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எல்லோருக்கும் முன்னால் கணீரென்று உள்ளேன் மிஸ் என்பவள், கையை மட்டும் தூக்கினாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தெரியாது என்பாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வட்டத்தில் 'பாஸ்' என்றாள். அடுத்த வெள்ளியும் 'பாஸ்'. நான் போட்ட விதிதான், ஏன் என்று கேட்கக் கூடாது. என் விதி என்னையே கட்டிப்போட்டுவிட்டது.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, பேசவே மாட்டேங்கற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மிஸ்."

"வீட்ல ஏதாவது சொன்னாங்களா?"

பாக்ஸை மறுபடி கழுவினாள். "அம்மா அவன் வூட்டு நெலத்துல, அந்தக் கொல்லையிலதான் மல்லாட்டை புடுங்கப் போவாங்க மிஸ். அவங்க இந்த வாட்டி கூப்புடல. இனிமே வாயத் தொறந்தீன்னா பிளஸ் டூவுக்கு அனுப்ப மாட்டேன், வூட்டோட இருன்னு அப்பா சொல்லிட்டாரு. நான் படிச்சிட்டுப் பேசிக்கறேன் மிஸ்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். பேசினால் படிப்பு போகும், பேசாமல் இருந்தால் படிக்கலாம். பதினாறு வயதுப் பெண்ணிடம் நாம் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறோம், அவளும் போட்டுப் பார்த்து விடை சொல்கிறாள். பேசு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது, எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பேசாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது வண்டியில் வழி நெடுக எச்.எம்.மைத் திட்டிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எச்.எம். கலந்துரையாடலை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். தலைப்பை மட்டும் இனி அவர் தருவார் என்றார். மரம் வளர்ப்போம். செல்போன் நன்மையா தீமையா. பிளாஸ்டிக் ஒழிப்போம். தண்ணீர் சிக்கனம். "இதுல யாருக்கும் பிரச்சினை வராது டீச்சர்" என்றார். மரத்தை வளர்த்தோம், செல்போனைத் திட்டினோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுபடி ஒருவன் 'நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்துவிட்டான். நான் திருத்தக்கூட இல்லை.

அப்புறம் தண்ணீர் சிக்கனம் வந்தது. நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அவர் கொடுத்ததில் அதுதான் மிச்சம். பல் தேய்க்கும்போது குழாயை மூட வேண்டும், ஷவரில் குளிக்கக் கூடாது என்று டவுன் பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். அவள் முறை வந்தது, 'பாஸ்' என்றாள். வட்டம் சுற்றி அந்தப் பையனிடம் போனது. அன்றைக்குப் பிறகு அவனும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பான் போல, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்.

"எங்க ஊர்ல டேங்க் ரொம்பி வழிஞ்சிகினே இருக்கும் மிஸ். மோட்டார் போடறவரு போட்டுட்டு டீக்கடைக்குப் போயிடுவாரு. தண்ணி ரோட்ல ஓடும். ரொம்ப வேஸ்ட்."

நல்ல உதாரணம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கை எழுந்தது. 'பாஸ்' சொன்னவள். கையைத் தூக்கிவிட்டு எழுந்தும் நின்றுவிட்டாள். பழைய மாதிரியே.

"அவங்க ஊர்ல டேங்க் ரொம்பி ரோட்ல ஓடுதுன்னு சொன்னான்" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது.

"ஆமா, அதான் சொன்னேன்" என்றான் அவன்.

"எங்க ஊருக்கு அந்த டேங்குலேர்ந்துதான் பைப்பு போட்டிருக்காங்க. தண்ணி வர்றதே இல்ல. எங்கம்மா கொடத்த எடுத்துகினு கொல்லைக் கெணறு கெணறாப் போறாங்க."

உட்காரும்மா, போதும், உன் படிப்பு முக்கியம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பும் அவனைத்தான் பார்த்தது. அவன் முறை. பாஸ் என்று அவன் சொல்லியிருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பஸ் கூட்டாளிகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவங்க ஊருக்கு" என்றான் அவன். ரெண்டாவது முறையும் சொன்னான், கொஞ்சம் சத்தமாக. "அவங்க ஊருக்குத் தண்ணி சரியா வர்றதில்லன்னு சொல்றா."

சொல்லிவிட்டான். இதற்காகத்தானே இத்தனை நாள் என்று நினைத்தேன். வகுப்பில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவனும் முடிந்தது என்று உட்காரப் போனான்.

அவள் உட்காரவில்லை.

"நான் அப்படிச் சொல்லல" என்றாள். "சரியா வர்றதில்லன்னு சொல்லல. வர்றதே இல்லன்னு சொன்னேன். திருப்பிச் சொல்லு."